மாமா போகாத அமெரிக்கா

எனக்குக் காது குத்திய கையோடு மாமா அமெரிக்காவுக்குக் கிளம்புவதாக இருந்தார். அதற்கு முன்னால் போக வழியில்லை. அக்காள் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவர் தாய்மாமன். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே அமெரிக்கா என் காதுக்காகக் காத்துக் கிடந்தது.

மாமா மதுரையில் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்கு மோட்டார் ஓட்டினார். கார் கழுவப் போனவர்தான், ஓட்டவும் பிரித்து மாட்டவும் தானே கற்றுக்கொண்டார். பாதிரியாரின் மனைவியைத் துரைசாணி என்பார். அந்த அம்மாள் ஒருநாள், தன் தகப்பனார் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் அந்தத் தேசத்தில் போய் இறங்கி, பிறகு பெரிய பண்ணைக்கே சொந்தக்காரரான கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்றுமுதல் மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அங்க எவன் மகன்னு கேக்க மாட்டாங்களாம் மாப்ள. என்ன வேலை தெரியும்னுதான் கேப்பாங்களாம்.”

“அப்ப பொண்ணு குடுக்கையில என்னடா கேப்பாங்க?” என்பாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே.

“நான் எதைச் சொன்னாலும் நீ கல்யாணத்துலயே வந்து நில்லு!” என்பார் மாமா.

ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெரியப்பா மட்டும் நம்பவில்லை. “இவன் கடல்ல விழுந்தா மீனுக்குத்தான் கொண்டாட்டம்” என்றார். எனக்கு ஒரு மோட்டார் அனுப்புவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஹாரன் அடித்தால் கண்மாய்க்கு அந்தக் கரை வரை கேட்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த வருஷம் மழை பொய்த்து, வீட்டில் கேப்பைக் கூழைத் தவிர வேறொன்றும் இல்லை. மோட்டார் வரப்போகிற வீட்டுக்காரனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

காதுகுத்து நெருங்கிய சமயம் ஒரு சாயங்காலம் மாமா வந்தார். கூழ் வேண்டாம் என்றுவிட்டார். அவரும் அம்மாவும் மாட்டுக் கொட்டத்தில் வெகுநேரம் பேசினார்கள். எட்டிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரியப்போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி கட்டிக்கொண்டு கீழக்குயில்குடி மலையடிவாரத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். ஆடு வெட்டி, கறி கொதித்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி என்னை மாமா மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி என் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் அம்மா வந்து என்னை வெடுக்கென்று மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

“கடல் தாண்ட மாட்டேன்னு சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுடா. இல்லைன்னா எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம்.”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. முதலில் வாயைத் திறந்தவர் பெரியப்பாதான். “நல்லா வரப்போற பயல ஏந்தாயி மறிக்கிற?” என்றார். மீனை அவர் மறந்துபோயிருந்தார். “கூடப் பொறந்தவன் உசந்தா இவளுக்குப் பொறுக்கலையாக்கும்!” என்றாள் அத்தை.

“நேரம் போகுது தாயி. கறியும் அடிப்பிடிக்குது” என்றார் ஆசாரி.

“அக்கா, இம்புட்டுச் சனத்துக்கு முன்னால இப்பிடிச் செய்யலாமா?” என்றார் மாமா. கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு எழுந்துபோய், எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

“பண்ணாத மாமா!” என்று நான் கத்தினேன். சூடம் அணைந்துவிட்டது. என் மோட்டாரும் போயிற்று. அப்புறம் காது குத்தினார்கள். அந்த ஆத்திரத்தில் எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

அதற்குப் பின் மாமா மதுரையிலேயே பஸ் ஓட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம், “எங்கக்கா விடலண்ணே. இல்லாட்டி இந்நேரம் அங்கதான்” என்பார். தம்பி பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பேர் அம்மாவுக்கு நிலைத்துவிட்டது. ஒருநாளும் அவள் மறுத்துப் பேசியதில்லை.

நான் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்து, கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தபோது, ஒரு கப்பல் சமையற்காரர்தான் சொன்னார்: அந்தக் காலத்தில் நம் நாட்டு ஆட்கள் அமெரிக்காவில் போய்க் குடியேற முடியாது, சட்டம் போட்டே தடுத்திருந்தார்களாம். உழைத்தால் அங்கே உயரலாம் என்று துரைசாணி சொன்னது பொய்யாக இருக்காது. உள்ளே விட்டால்தானே உழைப்பதற்கு?

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தத் துரைசாணியம்மாவே விசாரிச்சுச் சொல்லிருச்சாம், உங்காளுகள விட மாட்டாங்கன்னு. கொட்டத்துல வந்து அழுதான். ‘ஊரெல்லாம் சொல்லிட்டேனேக்கா, இனி எந்த மூஞ்சிய வச்சு நடப்பேன்’னான். ‘அக்கா விடலைன்னு சொல்லிக்கடா’ன்னேன்.” அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது வண்டியில் நான் அம்மாவிடம் பேசவே இல்லை. அவள் பக்கம் முதுகைக் காட்டி, மாமா மடியில் படுத்துக்கொண்டேன். காது விண்விண் என்று தெறித்தது. கொஞ்ச தூரம் போனதும் மாமா என்னை அலுங்காமல் தூக்கி அம்மா மடியில் கிடத்தினார். நான் திமிறினேன். சூடம் சுட்ட கையால் என்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “இங்கனயே படு மாப்ள” என்றார். அமெரிக்காவைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கு வராத கோபத்தை நான் மட்டும் எதற்காகச் சுமக்கிறேன் என்று விளங்காமலே தூங்கிப்போனேன்.