பாஸில் விட்டுப்போன பேர்

ரயில்வே குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டால் ஊர் ஊராகப் பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் கொள்ளேகாலத்திலிருந்து என்னை மைசூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர ரயில்வேயில் பாஸ் கொடுப்பார்கள், அது உண்மைதான். ஆனால் எட்டு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் விசேஷ வீடுகள். அரசிகெரேயில் ஒரு கல்யாணம், பெங்களூரில் ஒரு காதுகுத்து, சேலத்தில் ஒரு வளைகாப்பு. எல்லாம் என் மாமியார் வழிச் சொந்தம்.

எனக்கோ சரித்திரப் பைத்தியம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். சரித்திரப் பாடப் புத்தகத்தைச் சீர்ப் பாத்திரங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில், மகாபலிபுரம், ஹம்பி, டில்லிக் கோட்டை என்று பார்க்க வேண்டிய இடங்களை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். சாயங்காலம் என் பெண்கள் இரண்டு பேருக்கும் சோறு போடும்போது அதைத்தான் கதையாகச் சொல்வேன். விஜயநகரத்துக் கடைத்தெருவில் ரத்தினத்தைக் குவித்து வைத்து விற்றார்கள் என்று நான் ஆரம்பித்தால், பேத்திகளுக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும் மாமியார் முணுமுணுப்பார்.

“செத்துப்போன ராஜாவைப் பத்தி என்னம்மா கவலை? அடுப்புல பால் பொங்குது, அதைப் பாரு.”

ஒரு வருஷம் துணிந்து கேட்டேன். “இந்தத் தடவை ஹம்பிக்குப் போலாமுங்க.” என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “அய்யோ சிவனே! இடிஞ்சு கெடக்கற கல்லைப் பாக்க யாராவது ரயிலேறுவாங்களா? சும்னிரு!” மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வாயை மூடு என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வார். அந்த வருஷத்து பாஸும் சேலத்துக்கே போயிற்று. வளைகாப்பு வீட்டில் நான் சிரிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் பாஸ் விண்ணப்பம் வந்தது. என் வீட்டுக்காரரின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அதனால் விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் முத்து முத்தாக எழுதித் தருவேன். படித்துப் பார்க்காமலே கீழே கையெழுத்துப் போடுவார். எட்டு வருஷமாக அதுதான் வழக்கம். போகும் ஊர் என்ற இடத்தில் ஹம்பிக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஹொஸ்பேட்டையை எழுதினேன். கூட வருபவர்கள் என்ற இடத்தில் மனைவி, மகள்கள் இரண்டு பேர். விதவைத் தாயையும் சேர்க்கலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். மறந்து அல்ல, வேண்டுமென்றே. கிழவிக்குக் கல் பிடிக்காது, வந்தாலும் நச்சரிப்புத்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஹம்பிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

மாமியார் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்து நாள் கழித்து, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது.

“நாங்க ஹம்பிக்குப் போறோம். யானை கட்டறதுக்குன்னே ராஜா அரமனை மாதிரி ஒண்ணு கட்டி வெச்சிருக்காராம். வரிசையா பதினொரு கொட்டடியாம். ஒவ்வொண்ணுக்கும் மேலே ஒரு கோபுரம். என் மருமக சொல்லுவா. அவளுக்குத் தெரியாததே இல்ல.”

கையிலிருந்த ஈரப் புடவை மண்ணில் விழுந்தது. பூக் கட்டிக்கொண்டே அத்தனையும் கேட்டிருக்கிறாரே! உள்ளே போய்ப் பார்த்தால், அவர் பெட்டியிலிருந்த நல்ல புடவை வெயிலில் காயவைத்து மடித்துத் தயாராக இருந்தது.

அன்று என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கொட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “பாஸ் கைக்கு வந்தாச்சு. இனி பேரைச் சேர்க்க முடியாது. கிறுக்கித் திருத்தினா என் வேலைக்கே உலை. தனியா டிக்கெட் வாங்கற சம்பளமா நான் வாங்கறேன்?”

“அப்ப போக வேண்டாமுங்க. நான் செஞ்ச பாவம்.”

“ரெண்டு குழந்தைகளும் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கு. போய்த்தான் ஆகணும்” என்றார். எழுந்து போய், பேரை ஆபீசில் விட்டுவிட்டார்கள் என்று தாயிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அதுக்கென்ன, வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே. பசுவும் கன்னு போட்டிருக்கு” என்றார் மாமியார். புடவை பெட்டிக்குள் போயிற்று. நாங்கள் புறப்படும் அன்று விடியும் முன்பே எழுந்து எங்களுக்குப் புளிச்சோறு கிளறினார். மூன்று நாளைக்குக் கெடாது என்று தூக்கில் அடைத்துக் கொடுத்தார். அதை வாங்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஹம்பியைப் பார்த்தேன். ஹொஸ்பேட்டையிலிருந்து ஜட்காவில் போய் இறங்கியதும் என் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். கல்தேர், ராணிகள் குளித்த தொட்டி, ஆள் இல்லாத கடைத்தெரு, எல்லாம் இருந்தன. எத்தனை வருஷத்து ஆசை! ஆனால் யானைக் கொட்டடிக்கு முன்னால் வந்ததும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் என்ன என்றார். “பதினொண்ணுதானுங்க இருக்கு” என்றேன்.

ஊர் திரும்பிய அன்றே, மாமியார் பால் கறந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். “அத்தை, ஆபீசுல விடலை. நான்தானுங்க உங்க பேரை எழுதலை.”

கறப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்மா. ஆபீசுல விட்டிருந்தா என் மகன் ஆபீசுக்காரங்களைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பான். ஒரு வார்த்தை திட்டலையே. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“கல்லைப் பாக்க யாரு போவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வருஷா வருஷம் கல்யாண வீடுதானே வேணும்னீங்க?” தப்பு என்னுடையது என்று தெரிந்தும் குரல் உயர்ந்துவிட்டது. என் குணம் அப்படி.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “கல்யாணமா? தாலி கட்டறதை நான் பாத்திருக்கேனா, நீயே சொல்லு. முண்டச்சியை முன்னால யாரு உக்கார வெப்பா? சமையக்கட்டுக்கு ஆள் வேணும்னு கூப்பிடுவாங்க. அதாவது கூப்பிட்டாங்களேன்னு போவேன். வேற எங்கயும் என்னை யாரும் வான்னு கூப்பிட்டதில்லையே சாமி.”

எட்டு வருஷமும் நானும்தானே அந்த வீடுகளில் இருந்தேன். பந்தலில் உட்கார்ந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டேன். மாமியார் எங்கே என்று ஒரு தடவையாவது தேடியிருக்கிறேனா? வெட்கமாக இருந்தது. மாட்டுக் கொட்டகையிலேயே அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். “எழுந்திரு, சாணி” என்று அதட்டினார்.

அடுத்த வருஷம் விண்ணப்பத்தில் முதல் பேராக அவர் பேரை எழுதினேன். தஞ்சாவூருக்கு எழுது, உன் ஆசை அதுதானே என்றார் மாமியார். நான் ஹொஸ்பேட்டை என்றே எழுதினேன். அதற்குப் பிறகு பெண்களின் படிப்பு, கல்யாணம் என்று வந்து, தஞ்சாவூரை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அதில் வருத்தம் இல்லை என்றால் பொய்.

அந்தத் தடவை ஹம்பியில் மத்தியானம் ஆற்றங்கரைப் பாறை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். பரிமாற வேண்டும் என்று மாமியார் பழக்கத்தில் எழுந்தார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். எல்லோருக்கும் முன்னால் அவருக்கு இலை போட்டேன். சோற்றை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.