எங்கள் மாதாவின் முகம்

மாதா படம் எழுதுகிறவன் சுத்தமாக இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவர் தல்லாகுளத்தில் ஒரு கொட்டகை பிடித்துக் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன மாதா கோவில். அதன் பங்குச் சாமியார், பீடத்துக்கு மேலே வைக்க ஆள் உயரப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார். தவக்காலம் தொடங்கும் நேரம். படம் முடியும்வரை ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை கொட்டகையிலேயே, உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று இவர் விரதம் எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஏங்குகிறவளை நாற்பது நாள் தனியாகப் படு என்றால் கசக்கத்தானே செய்யும். மாதாவுக்காக என்று சரி சொன்னேன்.

தினமும் ஆனையூரிலிருந்து பஸ் ஏறி, மத்தியானத்துக்குள் தூக்குவாளியைக் கொட்டகை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வாசலில் கித்தான் திரை தொங்கும். டர்பன்டைன் வாசனை வரும். உள்ளே ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, உச்சி வெயிலில் நின்று அந்தத் திரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்ட மண்டு நான்.

படம் பீடமேறியது. என்னத்தைச் சொல்ல, அப்படி ஒரு முகம். அதுவரை நான் பார்த்த மாதாக்களெல்லாம் வெள்ளைக்காரிகள். இவள் நம்ம ஊர் மாநிறம். லேசாக மேடிட்ட நெற்றி, இடது புருவ நுனியில் முடி முளைக்காத சின்னத் தழும்பு. அது மாதாவின் வியாகுலத்துக்கு அடையாளம் என்று சாமியார் பிரசங்கமே வைத்தார். இந்த முகம் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், செபத்தில் காட்டினாள், பார்த்ததை எழுதினேன் என்றார் இவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் போய், அந்த முகத்துக்கு முன்னால் முட்டி போட்டு, ஒரே ஒரு பிள்ளை கொடு தாயே என்று அழுவேன். அவள் காது கொடுத்துக் கேட்கிற மாதிரியே இருக்கும்.

ஆடி மாசம், ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஒரு மனு டைப் அடிக்கத் தல்லாகுளம் போனேன். கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் நுழைந்தேன். மெஷினுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள் மாதா. அதே நெற்றி, அதே தழும்பு. குங்குமம் மட்டும்தான் கூடுதல். நான் நீட்டிய காகிதத்தில் இவர் பெயரைப் படித்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர்ட்டிஸ்ட் சார் வீட்டு அக்காவா? மத்தியானச் சாப்பாட்டு நேரம் பூராவும் அசையாம உக்காரச் சொல்லி உசிர வாங்கிட்டாருக்கா. ஒங்க கொத்தமல்லித் தொவையலக் குடுத்துத்தான் சமாதானம் பண்ணுவாரு. படம் நல்லா வந்திருக்கா? நான் இன்னும் பாக்கல."

நல்லா வந்திருக்கு என்றேன். அவளிடம் கள்ளமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். என் நோன்பு நாட்களில் நான் வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு அரைத்துக் கொடுத்த துவையல் அது.

வீட்டில் கேட்டேன். இல்லை என்று சொல்வார், கொஞ்சம் பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அந்தப் புள்ள மேல என் விரல்கூடப் படல. ஆனா அந்த மொகத்தப் பாத்தாத்தான் எனக்கு சாமி நெனப்பே வந்துச்சு. ஒன்னைய ஆறு வருசமாப் பாக்குறேன், ஒண்ணும் வரலையே."

விரல் படவில்லை என்பதை நம்பினேன். நம்பி என்ன பிரயோசனம்? அடப்பாவி, தொட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இம்புட்டு வலித்திருக்காது. சனிக்கிழமை போவதை நிறுத்திவிட்டேன். பிள்ளை வரத்தை ஒரு டைப்பிஸ்ட்டிடமா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

மாதா பிறந்த நாள் திருவிழாவுக்கு மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் எங்கள் இரண்டு பேரையும் பீடத்தருகே கூப்பிட்டார். செபத்தில் முகம் கிடைத்த கதையை இவர் வார்த்தை பிசகாமல் மறுபடியும் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. பிறகு சாமியார், நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா என்று மைக்கை என் பக்கம் திருப்பினார். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"இது மாதா காட்டுன மொகம் இல்ல சாமி. தல்லாகுளத்துல டைப் அடிக்கிற புள்ள. வேணும்னா கூட்டிட்டு வாரேன், நீங்களே பாருங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், பிள்ளை இல்லாத ஏக்கத்தில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்றது. பல தலைகள் ஆடின. நான் இவரைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை, அது போதும். இவர் வாயைத் திறக்கவில்லை. சாமியார் மைக்கை மெதுவாக என்னிடமிருந்து நகர்த்தி, இந்தச் சகோதரிக்காக எல்லோரும் ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுவோம் என்றார்.

கோவில் முழுக்க முட்டி போட்டது. என் வீட்டுக்காரரும் முட்டி போட்டு, கைகளைக் கூப்பி, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, எனக்காக வேண்டிக்கொண்டார்.