சித்தப்பா எடை பார்த்து வாங்கிய லேப்டாப்

எனக்குக் கழக்கூட்டம் ஐடி பார்க்கில் வேலை. அதனால் சொந்தத்தில் யார் லேப்டாப் வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்பதோடு சரி.

சித்தப்பா மகள் மீனா தினமும் ரெண்டு பஸ் மாறிக் காலேஜ் போகிறவள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் சின்னதாக ஒன்று வேண்டும் என்றாள். மூணு வாரம் தேடி, ஒரு கிலோ சொச்சம் கனத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். அவள் படிப்புக்கு அந்த வேகம் தாராளம்.

இன்று கடைக்குச் சித்தப்பாவும் வந்தார். சாலை பஜாரில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். லேப்டாப்பைக் கையில் வாங்கி ரெண்டு தரம் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மக்கா, இவ்வளவு ரூவாக்கு கனமே இல்லியே."

"கனம் இல்லாம இருக்கதுக்குத்தான் சித்தப்பா ரூவா."

அவர் கடைக்காரப் பையனிடம் திரும்பிவிட்டார். "மோனே, இதே வெலைக்கு நல்ல கனமுள்ளது உண்டோ?"

உண்டாம். விற்காமல் கிடந்த பெரிய பெட்டி ஒன்று சந்தோஷமாக வெளியே வந்தது.

மீனா என்னைப் பார்த்தாள். பிறகு டியூஷன் காசை எண்ணிக் கொடுத்தாள்.

"இதுதான் காசுக்கு ஏத்த பொருள்" என்று பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, சித்தப்பா ஸ்கூட்டரில் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்.

உங்கள் வீட்டில் எடை பார்ப்பது யார், சுமப்பது யார்?