வயிறு பார்க்கிற அம்மா

பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்து பதுளையில் இறங்கிய நூருல் இனாயா, கடைத்தெருவில் யார் கண்ணிலும் படாமல் தன் அண்ணன் ஷுக்ரியின் துணிக்கடைக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தாள். கொழும்பில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை படிக்கப் போனவள் அவள். ஷுக்ரி கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாஸா?"

"இல்ல நானா. பெயிலாகிட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் புருஷன் தாஸிம், லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் துணிமூட்டை சுமந்து விற்றவன், காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். அதற்கு முன்பே தலைப்பிரசவத்தில் பிள்ளையையும் இழந்திருந்தாள். கைம்பெண் கொழும்புக்குப் படிக்கப் போவதா என்று உறவெல்லாம் கேட்டபோது, எல்லோருக்கும் பதில் சொல்லி அவளை அனுப்பி வைத்தவன் ஷுக்ரிதான். இப்போது அந்த உறவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் கேட்காததே அவளை அறுத்தது.

பரீட்சையில் அவளுக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை. வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் கேட்க, தாதி ஒருத்தி தமிழில் சொன்னாள். பிள்ளையின் கை முதலில் வெளியே வந்தால் என்ன செய்வாய் என்பது கேள்வி. கையை உள்ளே தள்ளிப் பிள்ளையைத் திருப்புவேன் என்று இனாயா சொன்னாள். மூத்த மருத்துவிச்சி ஒருத்தி அப்படிச் செய்து தாயும் பிள்ளையும் பிழைத்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். டாக்டர் பேனாவை மூடினார். தொடாதே, உடனே டாக்டரைக் கூப்பிடு. அதுதான் விடை. தள்ளினால் கருப்பை கிழியும். தாய் உன் கையிலேயே சாவாள். தாதி இதைச் சொன்னபோது, தன்னை பெயிலாக்கியது சரிதான் என்று இனாயாவுக்கே பட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனாள். சர்டிபிகேட் எங்கே என்றார்கள். நகரத்து வீடுகளிலும் யாரும் கூப்பிடவில்லை. படிக்காத மருத்துவிச்சியை நம்பினாலும் நம்பலாம், படித்துத் தோற்றவளை எப்படி நம்புவது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படி இருக்கையில்தான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் சின்னக்கருப்பன் கங்காணி துணி எடுக்கக் கடைக்கு வந்தார். விஷயம் காதில் விழுந்ததும், "எங்க தோட்டத்துக்கு வாங்கம்மா" என்றார். "லயத்துல பொம்பளைக செத்துக்கிட்டே இருக்காளுக. சர்டிபிகேட்ட வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

"நான் பெயிலானவ கங்காணி. தெரிஞ்சிதான் கூப்பிடுறீங்களா?"

"தெரியுங்க. ஒண்ணுமே தெரியாதவளுக்கு நீங்க மேலுதானே?"

அவள் போனாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி அறை அவளுக்குக் கிடைத்தது. மழை பெய்தால் புகையும் ஈரமும் ஒன்றாகக் கலந்து நிற்கும் அறை. முதலில் வந்த பிரசவங்கள் அல்லாஹ் காவலில் நல்லபடியாக முடிந்தன. தோட்டத்துப் பெண்கள் அவளை மருத்துவச்சி அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

பிறகு லெட்சுமிக்கு வலி எடுத்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை மலையிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி வந்தார்கள். தாய் பெரியாயி தலைமாட்டில் உட்கார்ந்து மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்தது. இனாயா குனிந்து பார்த்தபோது, நீலம் பாய்ந்த சின்னக் கை ஒன்று வெளியே தெரிந்தது.

அவள் கைகள் தாமாக முன்னே நீண்டன. பிறகு நின்றன.

"இவளை இப்பவே பதுளைக்குக் கொண்டு போகணும்" என்றாள்.

வாசலில் நின்ற கங்காணி சீறினார். "பதுளைக்கா? இந்த ரோட்டுலயா? அப்ப நீங்க எதுக்கும்மா இங்க இருக்கீங்க?"

"என்னால ஏலாது கங்காணி. நான் தொட்டா செத்துருவா. டாக்டர்தான் பார்க்கணும்."

லெட்சுமியின் புருஷன் தம்பையா மூங்கில் வெட்டி வந்தான். கம்பளியை இரண்டு மூங்கில் கழிகளில் கட்டித் தூளி செய்தான். ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். செம்மண் வழுக்கியது. தூளி ஒவ்வொரு தரம் குலுங்கும்போதும் லெட்சுமி அலறினாள். வண்டிப் பாதையை அடைந்து மாட்டு வண்டியில் ஏற்றியபோது அலறல் நின்று முனகலாகியிருந்தது. வழியில் உள்ள பசறைக்கு இன்னும் தூரம் இருக்கையில் அதுவும் நின்றுவிட்டது. வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான். பெரியாயி மகளின் வயிற்றின் மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே இருந்ததும் அசையவில்லை.

தம்பையா இனாயாவிடம் வந்தான். "நீங்க தொட்டுப் பார்த்திருந்தா பொழைச்சிருப்பாளாம்மா?"

"தெரியாது தம்பி" என்றாள் அவள்.

மற்றவர்கள் உடலோடு தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அவள் மட்டும் நடந்தே பதுளைக்குப் போய், ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே வரும் வரை வராந்தாவில் காத்திருந்தாள். அவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், அதிகம் பேசாதவர். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, தம்பையா கேட்டதையே அவரிடமும் கேட்டாள்.

"நீர் கை வைக்காதது சரி" என்றார் டாக்டர். "ஆனா வலி வந்த பிறகு அந்த ரோட்டாலை ஆரைக் கொண்டுவந்தாலும் பிரயோசனமில்லை. பிள்ளை குறுக்காலை கிடக்கிறதைக் கடைசி மாசத்திலை வயித்தைத் தடவிப் பார்த்தால் தெரியும். அது உமக்குத் தெரியாதோ?"

தெரியும். கொழும்பில் அதை அவளுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் யாரும் வலி வருமுன் அவளைக் கூப்பிட்டதில்லை. அவளும் யார் வீட்டுக்கும் தானாகப் போய்ப் பார்த்ததில்லை. அன்று ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அவள் அழுத அழுகை, பரீட்சையில் தோற்ற அன்றுகூட அழாதது.

மடுல்சீமைக்குத் திரும்பியபோது அவளுடைய பெட்டி அறைக்கு வெளியே கிடந்தது. கங்காணி வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இனாயா பெட்டியை எடுக்காமல் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனாள். மருத்துவிச்சி வேலை வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்காரிகளை மாதாமாதம் பார்த்து, கோளாறு தெரிந்தவர்களை முன்கூட்டியே பதுளைக்கு அனுப்பும் வேலை கொடுங்கள் என்று கேட்டாள். துரை சிரித்தார். ஆனால், ஆள் சாவதால் தோட்டத்துக்கு நஷ்டம் என்று பதுளை டாக்டர் முன்பே அவரிடம் சொல்லியிருந்ததால் சம்மதித்தார். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்று அவளுக்குப் பேர் பதிந்தார்கள். மற்ற வேலையை அதோடு சேர்த்துச் செய்துகொள்ளச் சொன்னார்கள்.

முதலில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லெட்சுமியை ரோட்டில் சாகவிட்டவள் என்ற பேச்சு லயம் லயமாக ஓடியது. கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறியவள் பெரியாயிதான். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இனாயாவும் கேட்கவில்லை. "படுடி, அம்மா பார்க்கட்டும்" என்று மட்டும் உள்ளே போய் அதட்டுவாள். மருத்துவச்சி அம்மா என்ற பேர் மெல்ல மறைந்தது. வயிறு பார்க்கிற அம்மா என்றார்கள்.

ஒருமுறை மாடசாமி என்பவனின் மனைவிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. கொழுந்து தள்ளிக்கொண்டு வரும் நேரம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோருக்கும் முன்னால் கங்காணி கத்தினார்.

"வலியே வரல, அதுக்குள்ள ஆஸ்பத்திரியா? இவ போனா இவளோட கொழுந்து நெரைய யார் எடுக்கிறது?"

"நான் எடுக்கிறேன்" என்றாள் பெரியாயி.

கங்காணி இனாயாவைப் பார்த்தார். "அங்க போயும் செத்துட்டா?"

"சாகலாம் கங்காணி" என்றாள் இனாயா. "இங்க இருந்தா கட்டாயம் சாவா."

மாடசாமி வண்டி பூட்டினான். பதுளையில் அந்தப் பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் பல நாள் காத்திருந்து பெற்றாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. சிலர் வர மறுத்தார்கள். சிலரை மழை மறித்தது. அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் இனாயாவுக்குத் தெரியும். தொழுகைக்குப் பின் வெகுநேரம் கையேந்தி உட்கார்ந்திருப்பாள்.

மறுபடி பரீட்சை எழுதும்படி டாக்டர் சொல்லிப் பார்த்தார், அவள் போகவில்லை. பெருநாளுக்குப் பதுளைக்கு வந்தவளிடம் ஷுக்ரி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஆட்கள் கேக்கிறாங்க புள்ள. நீ அங்க என்ன வேலை செய்றன்னு நான் சொல்றது?"

அவள் வட்டிலப்பத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பெயிலானவதான்னு சொல்லுங்க நானா. ஆனா வேலை இருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் வண்டியில் மடுல்சீமைக்கு ஏறினாள். அங்கே மூன்று பேருக்கு மாதம் நிறைந்திருந்தது.