மணல் மாமா

பஸ் நிலையத்தில் மைக் பிடிக்கிறவளின் குரல் நடுங்கி யாரும் கேட்டதில்லை. டயர் வெடித்தாலும் சரி, டிரைவர் வராமல் போனாலும் சரி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் மல்லுக்கு நிற்கிற கூட்டம்கூட ஒரு நிமிஷம் வாயை மூடும். அப்பேர்ப்பட்டவள் உடற்பயிற்சிக்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அன்று வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

ஐம்பதைத் தொடப்போகிற வயசு. நாள் முழுக்கச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். உள்ளே பார்த்தால், எடையைத் தூக்குகிற நேரத்தைவிடக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிற நேரம் அதிகமாக வைத்திருக்கும் இளவட்டங்கள். நடுவில் முழங்காலில் பட்டை கட்டிய ஒரு மனுஷன், கையில் விசில். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

"எவ்வளவு குறைக்கணும் அக்கா?" என்றார் மாஸ்டர், அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு.

"குறைக்க வேணாம். தூக்கணும்."

"எவ்வளவு தூக்கணும்?"

"எழுபத்தெட்டு கிலோ."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அது என்ன அக்கா எழுபத்தெட்டு? கணக்கா சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில எடை பார்த்தப்போ அதான் சொன்னாங்க."

சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கும் அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்தார். இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பித்தது, அதில் ஒரு குறையும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே, "மெதுவா, மெதுவா, கண்ணாடியப் பாரு" என்று அவள் காய் நறுக்குவதற்குக்கூடப் பாடம் எடுப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்கியது. லேசாகத்தான். ஆனால் பயம் வந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? இத்தனை வருஷமாகச் செய்ததைத்தான் செய்தார். நல்லா இருக்கிற வலது காலை முன்னால் நீட்டி, இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதித்த வேகத்தில் அவர் பின்னால் சாய, அவள் அவர்மேல் விழ, இரண்டு பேரும் ஈரத்தரையில் கிடந்தார்கள். அவரைப் புரட்டக்கூட அவளால் முடியவில்லை. மாடி வீட்டுக்காரி வந்து கதவை உடைக்காத குறைதான்.

அன்றைக்கே வந்து இறங்கினார் அவருடைய அக்கா, அவளுக்கு அண்ணி. கெட்ட மனுஷி இல்லை. தம்பி என்றால் உயிர், அதுதான் வினை. "உன்னால முடியாதும்மா. ஆள் போட்டுக்கோ. ஆள் இல்லாத அன்னிக்கு நான் இவனைப் பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடுவேன். அங்க தூக்க நாலு பேரு இருக்காங்க" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போனார். ஆளும் கிடைத்தான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வந்து குளிப்பாட்டி, மாற்றி, படுக்கவைத்துவிட்டுப் போவான். இப்போது அவனுக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. மழைக்காலம் முடிந்ததும் போய்விடுவான். வேறு ஆள் தேடித் தேடி அவளுக்குச் சலித்துவிட்டது.

"அதுக்குள்ள நான் தூக்கிக் காட்டணும் மாஸ்டர். இல்லைன்னா அண்ணி கூட்டிட்டுப் போயிடுவாங்க. பிள்ளை குட்டின்னு எங்களுக்கு யாரும் இல்ல. அவர் அங்க போயிட்டார்னா, நான் அந்த வீட்டுல சுவத்தோடயா பேசுவேன்?"

மாஸ்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு அவரோட பழைய பேன்ட் சட்டை ஒண்ணு கொண்டு வாங்க."

மறுநாள் அவள் கொண்டுபோன நீலச் சட்டைக்குள்ளும் பேன்ட்டுக்குள்ளும் மணல் பைகளைத் திணித்து, தைத்து, நாற்காலியில் உட்காரவைத்தார் மாஸ்டர். தலை இல்லாத ஒரு மனுஷன். சட்டைப் பைமேல் டிரைவிங் ஸ்கூலின் ஸ்டியரிங் படம் அப்படியே இருந்தது. கண்ணாடி பார்க்கிற பையன்கள் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். மணல் மாமா.

"ஆன்ட்டி வந்துட்டாங்க, மாமாவ எழுப்புடா!" என்று ஒருத்தன் கத்துவான். "மாமா இன்னிக்கு மூட் அவுட்டுடா" என்பான் இன்னொருத்தன். முதலில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு அவளே, "மாமா குளிச்சாராடா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

மாஸ்டர் மட்டும் சிரிக்க மாட்டார். "முதுகை வளைக்காதீங்க! முட்டியை மடக்குங்க. உங்க முட்டி அவர் முட்டியோட ஒட்டணும். இடுப்புப் பட்டையைப் பிடிங்க. முன்னாடி ஆட்டி, ஆட்டி, எழுப்புங்க. தூக்காதீங்க அக்கா, எழுப்புங்க!" முதல் நாள் பாதி மணல்கூட இல்லை, அதற்கே அவள் மாமாவோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டாள். போதும்டா பெருமாளே என்று இருந்தது. இரவெல்லாம் தொடை நடுங்கியது. வீட்டில் கேட்டால், "கடைசி பஸ் லேட்டுங்க" என்று ஒரே பொய். தனக்காக அவள் உடம்பை ஒடித்துக்கொள்கிறாள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்குவாரா? தாங்க மாட்டார்.

ஒரே ஒரு ஆறுதல், அவர் சாப்பாடு. வேலைக்குப் போகுமுன் கட்டிலை ஒட்டிய ஜன்னலோரம் ஸ்டூலில் டப்பாவை வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் டப்பா காலி. ராத்திரி தட்டைக் கையில் கொடுத்தால், "நீ போய்க் குளிச்சிட்டு வா, வேர்த்து ஊத்துது. நான் மெதுவா சாப்பிட்டுக்கறேன்" என்பார். குளித்துவிட்டு வந்தால் தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கும். முகம் மட்டும் வற்றிக்கொண்டே போனது. ஆளிடம் கேட்டாள். "படுத்தே இருந்தா அப்படித்தாம்மா இருக்கும். ஆனா சார் இப்பல்லாம் எனக்குத் தொந்தரவே இல்ல, பூ மாதிரி வர்றாரு" என்றான். பழகின கை, அப்படித்தான் சொல்வான் என்று அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இதற்கு நடுவில் மாடி வீட்டுக்காரி வேறு, தன் நாய் ஊதிக்கொண்டே போகிறது, படியேற மாட்டேன் என்கிறது என்று தினம் ஒரு புலம்பல். நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று இவள் சிரித்துவிட்டுப் போனாள்.

மணல் ஏறிக்கொண்டே வந்தது. அறுபது கிலோவில் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு பிடி போட்டாலும் மாமா நாற்காலியைவிட்டு அசைய மாட்டேன் என்றார்.

"போதும் அக்கா. மீதி பதினெட்டை அவரோட நல்ல கால் பார்த்துக்கும்" என்றார் மாஸ்டர்.

"அந்தக் காலா? ஐயோ மாஸ்டர், அது பிரேக் போடுற கால்!"

பதினெட்டு. அந்தப் பதினெட்டு அவளைப் பிடித்து ஆட்டியது. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஒரு நாள் மைக் முன்னால் அதே நினைப்பில், "பேருந்து நடைமேடை பதினெட்டிலிருந்து புறப்படும்" என்று அட்சர சுத்தமாகச் சொல்லிவிட்டாள். அந்த நிலையத்தில் இருப்பதே ஆறு நடைமேடை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் பதினெட்டாவது நடைமேடையைத் தேடிக் கழிப்பறைவரை போய்விட்டார்கள். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை, பாவம். அந்தக் குரல் சொன்னால் பதினெட்டு எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினார்கள்.

மழை விட்டது. ஆள் விடைபெற்றுக்கொண்டான். மறுநாள் காலையிலேயே வாசலில் கார் சத்தம். அண்ணி வந்துவிட்டார், தம்பியின் துணிமணிக்குப் பெட்டிகூடக் கையோடு.

"கிளம்பலாமா?" என்றார் அண்ணி.

"ஒரு நிமிஷம் அண்ணி. நான் தூக்கறேன். நீங்க பாருங்க."

"நீயா? திரும்பவும் அவனைக் கீழ போடவா?"

அவள் உள்ளங்கை வேர்வையைப் புடவையில் துடைத்தாள். கட்டிலோரத்தில் அவரை உட்காரவைத்தாள். முட்டியோடு முட்டியை ஒட்டினாள். இடுப்புப் பட்டையைப் பிடித்தாள்.

"என்னங்க, பயப்படாதீங்க. பிரேக் மட்டும் போட்டுடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"போடல" என்றார் அவர். அவர் குரலும் சன்னமாக இருந்தது. "நீ எடு."

முன்னால் ஆட்டினாள். ஆட்டினாள். எழுப்பினாள்.

அவர் எழுந்து வந்தார். அவ்வளவு சுலபமாக வந்தார். பதினெட்டு கிலோவுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த பலமெல்லாம் செலவாகாமல் அப்படியே நின்றது.

"அடியாத்தி!" என்றார் அண்ணி. பெட்டி கையிலிருந்து நழுவியது. "எங்கேம்மா கத்துக்கிட்டே இதெல்லாம்?"

அவள் காதில் எதுவும் விழவில்லை. அவரை நிற்கவைத்தபடியே நின்றாள். தலையால் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை, அவள் முதுகுக்கே தெரிந்தது. தினம் தினம் தூக்கிய எடை அது. எழுபத்தெட்டு இல்லை. அறுபது. அப்படியே மணல் மாமா.

"என்னங்க" என்றாள். பஸ் நிலையத்தில் யாரும் கேட்டிராத நடுக்கம் அந்தக் குரலில் இருந்தது. "மீதி எங்கங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மாடி வீட்டு நாய், பீப்பாய் மாதிரி உடம்பைத் தூக்கிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வந்து நின்று வாலை ஆட்டியது.

அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுஷா! மூணு வேளையும் இதுக்கா ஆக்கிப் போட்டேன்?"

"ராத்திரி வந்து படுத்தா முனகறே" என்றார் அவர். "கால் நடுங்குது. கேட்டா பஸ் லேட்டுங்கறே. என்னை நினைச்சு நினைச்சு உடம்பு போகுதுன்னு நினைச்சேன். நான் கொஞ்சம் லேசானா, என்னிக்காவது திரும்பத் தூக்க வேண்டி வந்தா, உனக்குக் கஷ்டமா இருக்காதேன்னு..."

"நான் ஜிம்முக்குப் போறேங்க! உங்களைத் தூக்கறதுக்கு! உங்க சட்டையில மணலைக் கொட்டி வெச்சு அதைத் தூக்கிட்டு இருக்கேன்!"

அவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கினாள், மாஸ்டர் சொன்ன மாதிரியே, முதுகை வளைக்காமல். இறக்கிவிட்டு அவர் மடியில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அவர் வலது கை அவள் தலையைத் தேடிக்கொண்டு வந்தது. சட்டைக் கைக்குள் அந்தக் கை குச்சியாக இருந்தது.

அண்ணி மெதுவாக வந்து தம்பியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதும் முகம் மாறிவிட்டது. "இப்ப மட்டும் விட்டுட்டுப் போவேனா? எலும்பும் தோலுமா இருக்கான்! தூக்கத் தெரிஞ்சா போதுமா? பட்டினி கிடந்தது கூடத் தெரியாம..."

"அக்கா, நான்தான் ஏமாத்தினேன். அவளைச் சொல்லாதே."

அண்ணி பெட்டியை எடுத்தார். வாசல்வரை போனார். திரும்பினார். "அடுத்த மாசம் இதே நாள் வருவேன். தராசோட வருவேன். ஒரு சுத்துச் சதை போட்டிருக்கணும். இல்லைன்னா நீ மலையைத் தூக்கிக் காட்டினாலும் கேட்க மாட்டேன்." காருக்குள் ஏறியவர், கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். நாய் வெளியே நின்று, அநியாயம் என்பதுபோல ஒரு தரம் குரைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயைத் திறங்க."

"போதும்மா, வயிறு..."

"இன்னும் பிரேக்கா?"

திறந்தார். அவள் குளிக்கப் போகவில்லை, எழுந்திருக்கவில்லை. கடைசி வாய்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உடம்பு இனி ஏறுமா, ஒரு மாசத்துக்குள் ஏறுமா, டாக்டர் என்ன சொல்லுவாரோ என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாயங்காலம், மாடி வீட்டுக்காரியை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். பையன்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னாச்சு அக்கா? தூக்கிட்டீங்களா, இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"தூக்கிட்டேன்."

பையன்கள் விசிலடித்தார்கள். ஒருத்தன் மணல் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அப்போ மாமாவுக்கு ரிட்டயர்மென்டா ஆன்ட்டி?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கிய காலரைச் சரிசெய்தாள்.

"இல்லடா" என்றாள். "மாஸ்டர், இதுக்குள்ள இன்னும் மணல் போடுங்க. அவரோட பழைய எடைக்குக் கொண்டு வாங்க. அவர் வீட்டுல சாப்பிட ஆரம்பிச்சுட்டார்."