தேர்தல் செலவைப் பற்றி அவளிடம் மட்டும் பேசினார்கள்

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. வேட்பாளர்களின் தேர்தல் செலவுக்கு எல்லை வைக்கும் சட்டம் வந்திருந்த நேரம் அது. மக்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். செலவுக்கு எல்லை தேவையா, தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரை வெளியிடலாமா என்று கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் 'ஏன்?' என்று போட்டு நான்கு வெற்றுக் கோடுகள்.

என்னோடு சேர்த்து அனுப்பப்பட்டவள் அக்குறணையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். என் மகள் வயது. அவள் எழுதினால் லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடக்கும். என் கையெழுத்தோ அச்சடித்தது போலிருக்கும். அதற்காகவே சேவைக்காலம் முழுக்கப் பாராட்டு வாங்கியவள் நான்.

முதல் வார முடிவில் மேற்பார்வையாளர் எங்கள் தாள்களைப் புரட்டினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவளுடையதை எடுத்தவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். அக்குறணைக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: "ரெண்டு பக்கத்தாரும் வந்து கேக்குறாங்க. குடுக்காம இருக்க ஏலாது. பேரை வெளியில போட்டா மத்தப் பக்கம் எங்களப் பகைச்சுக்கும்." தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெண் சொல்லியிருந்தாள்: "எலக்சன் வந்தாத்தான் எங்க கூரைக்குத் தகரம் வருது. செலவு பண்ணாதேன்னு சட்டம் போட்டா யாரு இந்த மலை ஏறி வரப்போறா?"

பிறகு என் தாள்களை எடுத்தார்.

"உங்கடையில எல்லாரும் 'கட்டுப்படுத்த வேணும், அது நல்லது' எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கினம். வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லலீங்க சார்," என்றேன். காது மடல் சுட்டது. பக்கத்துக் கதிரையில் அவள் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பெருமைப்பட்டது போலக்கூடத் தெரியவில்லை. பெருமைப்பட்டிருந்தாலாவது அவளை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அடுத்த சில நாட்கள் அதே நினைப்பாகவே இருந்தேன். ஒரே லயத்தில் இந்தப் பக்க வீடுகளை நானும் அந்தப் பக்க வீடுகளை அவளும்தான் கேட்டோம். ஒரே மக்கள், ஒரே கேள்விகள். என்னிடம் ஒரு வரி, அவளிடம் ஒரு பக்கமா? இவளே உட்கார்ந்து எழுதுகிறாள் என்று முடிவு கட்டினேன். அதை மேற்பார்வையாளரிடமும் சொன்னேன். "எனக்குச் சந்தேகமா இருக்கு சார், அவ்வளவுதான்" என்று பணிவாகத்தான் சொன்னேன்.

அவர் அவளுடைய தாள்களை என் பக்கம் தள்ளினார். "அப்ப நீங்களே ஒருக்காப் போய்ச் சரி பார்த்துக்கொண்டு வாங்கோ."

அவளுடைய தாள்களோடு தெல்தோட்டைக்கு பஸ் ஏறினேன். அவை பொய்யாக இருக்கவேண்டும் என்று வழி முழுக்க விரும்பினேன். இப்போது எழுதவே கூசுகிறது.

தகரம் பற்றிச் சொன்ன பெண் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்ததும், "அந்தப் புள்ள வரலீங்களா?" என்றாள். கேள்வியை முடிப்பதற்குள் அதே பதிலைச் சொன்னாள். தாளில் இருந்ததற்கு மேலும் சொன்னாள். "காசு இருக்கிறவனுக ஆடுற ஆட்டத்த நிப்பாட்டணும்தான். அப்பத்தான் எங்க ஆளுக ஒருத்தராவது நிக்க முடியும். ஆனா தகரமும் வேணுமே, மிஸ். நான் எதைன்னு சொல்லுவேன்?"

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண்ணும் வந்தாள். நான் கேட்டு எழுதிய வீடுகளில் ஒன்று அவளுடையது. "தகரம் குடுத்து அஞ்சு வருஷத்துக்கு எங்க வாயை அடைச்சிர்றானுகளே! அதுக்கு ஒழுகுற கூரையே மேல்," என்று சண்டைக்கு வந்தாள். இருவரும் என்னை மறந்து வாதாடினார்கள்.

"எங்கிட்ட இதெல்லாம் சொல்லலியே நீங்க?" என்று எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் சங்கடத்தோடு சிரித்தாள். "நீங்க வாசல்லயே நின்னு, 'கட்டுப்படுத்தணும்தானே?'ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். எழுதிக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. அந்தப் புள்ள உள்ள வந்து உக்காந்திருச்சுங்க."

'தானே' என்ற அந்தச் சொல் கேள்வித்தாளில் இல்லை. நான் சேர்த்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் அக்குறணைப் பெண் எழுதியதெல்லாம் உண்மை என்றேன். என் பங்கு வீடுகளைத் திரும்பக் கேட்க அனுமதி வாங்கினேன். அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. அன்று மாலை மாத்தளை பஸ்ஸில் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, தெல்தோட்டைக்குப் போனீங்களாம். அந்தப் பொம்புள போன்ல சொன்னா."

"நீ பொய்யா எழுதுறேன்னு நான்தாம்மா சொன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டுகஸ்தோட்டையில் நான் இறங்க எழுந்தபோதுதான் பேசினாள். "என்னட்டக் கேட்டிருக்கலாமே, அக்கா. எப்பிடிக் கேக்குறன்னு காட்டித் தந்திருப்பேன்."

திரும்பக் கேட்டபோது நானும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். நாலு கோடுகளும் நிறைந்தன. ஆனாலும் அவளிடம் பேசியது போல என்னிடம் யாரும் பேசவில்லை. அடுத்த ஆய்வுக்கு அவளை மட்டும்தான் கூப்பிட்டார்கள். அதை அவளே போன் செய்து சொன்னாள். "நல்லா செய்ம்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.