கிளீனர் சீட்டு

திண்டிவனம் மேம்பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, கையில் ஒரு மர ஸ்டூல். எதிரே வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு ஸ்டூலைத்தான் பார்த்தார்கள். அன்று காலை வரை அது என்னுடையதில்லை, சிஸ்டர் வீட்டுடையது. சிஸ்டரின் வீட்டுக்காரருடைய சக்கர நாற்காலி எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு வரும்படி நான்கு கால்களுக்கும் அடியில் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. அதில் ஒரு கட்டை மட்டும் லேசாக ஆடும். நடக்க நடக்க அந்தச் சத்தம் கூடவே வந்தது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்தைச் சேர்ந்தாற்போல் கழித்ததில்லை. திண்டிவனத்துக்கு வந்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது கொக்கி முன்கையைக் கிழித்துவிட்டது. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் அம்மாவைத்தான் நான் சிஸ்டர் என்கிறேன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கட்டுப் பிரித்த அன்று, “வண்டி ஓட்டத் தெரியுமா தம்பி?” என்று கேட்டார். லைசென்ஸைக் காட்டினேன். அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. உடற்பயிற்சி சிகிச்சைக்காக வாராவாரம் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும். சின்ன காரென்றால் அவரைப் பள்ளத்தில் இறக்குவதுபோல் உட்காரவைக்க வேண்டும். பெரிய ஜீப் மாதிரி வண்டியில் ஆள் வைத்துத் தூக்கிப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, உயரமான சின்ன எஸ்.யூ.வி. ஒன்றுதான் சரிப்படும் என்று சிஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். கையில் இருந்த பணத்துக்குப் பழையதுதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது. இறங்கி நிற்க முடியாத மனிதரை வைத்துக்கொண்டு வெயிலில் என்ன செய்வது?

வண்டி பார்த்து வாங்கவும் பிறகு ஓட்டவும் என்னை வைத்துக்கொண்டார். சிஸ்டருக்கு லீவு கிடைத்த நாட்களில் விழுப்புரத்துக்கு முதல் பஸ் பிடிப்போம். பழைய கார் கடைகளில் ஆள் வருவதற்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். அப்படி வைத்தால் காலையில் முக்குகிற வண்டிகூட ஒரே திருப்பில் கிளம்பிவிடும். அதனால் கடை திறக்கும்போதே போய் நிற்போம். சிஸ்டர் காய்ச்சல் பார்ப்பதுபோல் பானட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் என்னைப் பார்ப்பார், அடுத்த கடைக்கு நடப்போம். நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். வெள்ளத்தில் முங்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கறை நிற்கும். பொம்மையார்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரரின் வண்டி கண்ணாடிபோல் மின்னியது. அடியில் படுத்துப் பார்த்தேன். கடல் காற்று அடித்தகட்டைத் துருவேற்றி அப்பளமாக்கி வைத்திருந்தது.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு ஸ்டூல் வேலை. இடது பக்கக் கதவைத் திறந்து அதை ஓரமாகப் போடுவேன். சிஸ்டர் அதில் உட்கார்ந்து, அண்ணனைப்போல் இடது கையை மடியில் கிடத்தி, இடது காலை மரக்கட்டைபோல் விட்டு, வலது பக்க பலத்தில் மட்டும் சீட்டுக்கு நகர்ந்து பார்ப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு கடைக்காரர், “இன்னா சிஸ்டர், வண்டி பாக்க வந்தீங்களா, பந்தியில குந்த வந்தீங்களா?” என்றார். “நீங்க வண்டியக் காட்டுங்க. சோறு நான் கட்டிக்கினு வந்திருக்கேன்” என்றார் சிஸ்டர், உட்கார்ந்தபடியே. உண்மையிலேயே சோறு கட்டிக்கொண்டுதான் வருவார். எனக்கும் சேர்த்து. பஸ் ஸ்டாண்டில் பொட்டலத்தைப் பிரித்து, “ஊறுகாய் உனக்குத்தான் தம்பி, எனக்கு ஆவாது” என்பார். எனக்காக ஒருவர் ஊறுகாய் எடுத்துவைத்தது அதற்கு முன் நடந்ததில்லை.

கடைசியில் ஒரு வண்டி அமைந்தது. கிளட்ச் இல்லாத தானியங்கி கியர். முதலிலிருந்து ஒரே சொந்தக்காரர். பெல்ட் சுத்தம், இன்ஜின் குளிர்ந்திருந்தும் தொட்டதும் கிளம்பியது. ஆனால் இடது சீட் ஸ்டூலைவிட ஒரு சாண் உயரம். சிஸ்டர் நகரப் பார்த்துச் சறுக்கி விழப்போனார். வேண்டாம் என்று திரும்பினோம். சாயங்காலம் அண்ணனிடம் சொன்னபோது, அவர் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “இத எந்தப் பக்கம் போட்டுப் பாத்தீங்க?”

“இடது பக்கந்தாங்க. வேற எங்க போடறது?” என்றார் சிஸ்டர்.

அவர் பாதி வாயால் சிரித்தார். “அடிப்பாவி! இத்தினி நாளா கிளீனர் சீட்டுக்கா அளவு எடுத்துக்கினு இருந்தீங்க? என் ஆயுசுல லெஃப்ட்ல குந்துனதே இல்லடி நானு.”

“ஒத்தக் கைய வெச்சுக்கினு இன்னாத்த ஓட்டப்போறீங்க? பேஜாரு பண்ணாதீங்க.”

“ரோட்டுல வுடுன்னு கேட்டனா? ஒரு வாட்டி அந்தச் சீட்ல குந்தணும். கிளட்ச்சே இல்லன்றான், எடது காலு எதுக்கு?”

சிஸ்டர் ஸ்டூலை எடுத்து வாசலோரம் வைத்தார். அண்ணனை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று எல்லாம் யோசித்திருந்தோம். எங்கே உட்கார ஆசை என்று மட்டும் நாங்கள் இருவருமே கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். வண்டி அங்கேயே நின்றது. டிரைவர் சீட்டுக்கு அடியில் உயரத்தைக் குறைக்க ஒரு பிடி இருந்தது. அழுத்தினேன். சீட் இறங்கி ஸ்டூலுக்குச் சமமாக வந்து நின்றது. அந்த வண்டியையே வாங்கினோம்.

மல்லாட்டை காயவைக்கும் களம் அப்போது காலியாகக் கிடந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய், அண்ணனின் நாற்காலியை வலது கதவோரம் நிறுத்தினோம். நல்ல காலைத் தரையில் ஊன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்து, யார் கையும் படாமல் அவரே நகர்ந்து உட்கார்ந்தார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். “இன்னாடா வேடிக்கை? ஜல்தி ஏறு. கிளீனர் இல்லாம நான் வண்டி எடுத்ததில்ல.” இடது பக்கம் ஏறினேன். வலக்கையைக் குறுக்கே நீட்டிக் கியரைத் தள்ளினார். நான் ஜன்னல் வழியே கதவைத் தட்டி, “போலாம் ரை... ரை...” என்று குரல் கொடுத்தேன். வண்டி நடக்கிற வேகத்தில் களத்தைச் சுற்றியது. சிஸ்டருக்கு முன்னால் வந்ததும் அண்ணன் ஹாரன் அடித்தார். “போதும், எறங்குங்க” என்றார் சிஸ்டர். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “இன்னொரு ரவுண்டுடி” என்றார் அண்ணன்.

பிறகு சிஸ்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். பாண்டிச்சேரிக்கு அவரே ஓட்டிப் போய்வந்த அன்று எனக்கு வேலை முடிந்துவிட்டது. “வெளி ரூம் சும்மாதானே கெடக்குது தம்பி” என்றார். இருந்திருக்கலாம். என் கால்களுக்கு இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அண்ணன் தடுக்கவில்லை. “அந்த ஸ்டூல எடுத்துக்கினு போ. எங்கனா குந்தறதுக்கு ஆவும்” என்றார். இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிரே வரும் உயரமான சின்ன வண்டிகளின் வலது சீட்டைப் பார்க்கிறேன். அதே நிற வண்டியாக இருந்தால் தாண்டிப் போன பிறகும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஸ்டூலோடு கிளம்பிய அன்று இரவு பைபாஸ் ஓரத்து லாரி ஷெட்டில் படுத்தேன். காலையில் ஒரு டிரைவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். லைசென்ஸைப் பார்த்துவிட்டு, “மாத்தி மாத்தி ஓட்டலாம், வர்றியா?” என்றார். “கிளீனரா வர்றேங்க” என்றேன். “இந்த வயசுலயா?” என்று சிரித்தார். நான் ஸ்டூலை உள்ளே வைத்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவைத் தட்டினேன்.